அலகும் நரம்பும்: பண்டிதர், அடிகளார் கொள்கைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழிசை ஆராய்ச்சியின் வரலாற்றிலே இரு பெருநூல்கள் தனித்து வைத்து எண்ணத்தக்கன. ஒன்று, தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’. மற்றையது, கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட விபுலாநந்த அடிகளாரின் ‘யாழ் நூல்’. இரண்டும் சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் தலையாய சான்றாகக் கொண்டவை. இரண்டும் இசையை எண்ணாலும் அளவாலும் ஆராயப் புகுந்தவை. எனினும், ஒரு ஸ்தாயியினுள் அடங்கும் சுருதிகள் தம்முள் சமமானவையா என்ற அடிப்படை வினாவுக்கு அவை தரும் விடைகள் ஒன்றையொன்று மறுப்பனவாக உள்ளன. சமம் என்பது பண்டிதர் கொள்கை. சமமன்று என்பது அடிகளார் கொள்கை.

ஈழத்திலே யாழ் நூலைப் போற்றுவோர் தொகைக்குக் குறைவில்லை. அதனைப் போற்றும் மேடைகளில் ‘இசை நரம்பியல்’ என்ற பகுதியிலுள்ள ஒரு கணக்கேனும் எடுத்துக்காட்டப்படுவது அரிது. அடிகளாரின் தமிழ்ப்பற்றும் துறவும் பேசப்படும் அளவுக்கு அவர் நிறுவ முயன்ற முடிபு பேசப்படுவதில்லை. கருணாமிர்த சாகரமோ ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களின் பாரத்தினாலேயே நூலக அடுக்குகளில் உறங்குகின்றது. இரு நூல்களையும் அருகருகே வைத்து, ஒரே சான்றிலிருந்து இரு முடிபுகள் எழுந்தமைக்குக் காரணம் யாது என வினவுவது இவ்விருவருக்கும் செய்யும் மரியாதைக் குறைவாகாது. வினவாதிருத்தலே மரியாதைக் குறைவு எனலாம்.

வினாவின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு தந்தியை மீட்ட எழும் ஒலியைக் குரல், அதாவது சட்சம், எனக் கொள்வோமாயின், அதனை 60 சென்ரிமீற்றரில் அழுத்தி மீட்ட எழுவது இளி, அதாவது பஞ்சமம். இவற்றின் அதிர்வு விகிதம் 3/2. ஸ்தாயிக்கு அடுத்தபடியாகச் செவி ஐயமின்றி அறிந்துகொள்ளும் பொருத்தம் இதுவே. இளியைக் குரலாகக் கொண்டு அதற்கோர் இளி, அதற்கோர் இளி என்று மேற்சென்றால் பன்னிரண்டாம் முறையில் தொடங்கிய சுரத்தையே, ஏழு ஸ்தாயி மேலே, அடைதல் வேண்டும் என எதிர்பார்ப்போம். அடைவதில்லை. சிறிதளவு மிகுந்துவிடுகிறது. ஸ்தாயி ஒன்றை 1200 நுண்கூறுகளாக்கி அவற்றைச் சதம் என வழங்கும் முறையினை அலெக்சாண்டர் எல்லிஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே பரப்பினார். அவ்வளவையின்படி இம்மிகை ஏறத்தாழ 23.5 சதம். சிறிதெனினும் பயின்ற செவிக்குப் புலனாவது அது.

இம்மிகையை எங்கே ஒளிப்பது என்பதே சுருதி முறைகள் அனைத்தினதும் வரலாறு. பன்னிரண்டு இளிகளிலும் சமமாகப் பங்கிட்டு ஒளித்துவிடுவது ஒரு வழி. அப்போது ஒவ்வோர் இளியும் 2 சதம் அளவே குறையும். ஸ்தாயி பன்னிரண்டு சம படிகளாகும். ஒவ்வொரு படியும் இரண்டின் பன்னிரண்டாம் மூலமாகும். இச் சமபாகச் சுருதிமுறை மேலைத்தேயத்தவரின் தனிச்சொத்து என எண்ணுதல் பிழை. சீனத்து மிங் வம்ச இளவரசர் சூ சாயூ 1584ஆம் ஆண்டளவில் இதனைத் துல்லியமாகக் கணித்துவிட்டார். ஆனால் இம்முறையில் இளி பிழைத்துக்கொள்ள, அந்தர காந்தாரம் நட்டமடைகிறது. 5/4 என்னும் எளிய விகிதத்தில் எழும் காந்தாரம் மேற்கூறிய தந்தியில் 72 சென்ரிமீற்றரில் நிற்கும். சமபாக முறையில் அது 71.4 சென்ரிமீற்றரில் நிற்கும். ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வேறுபாடு. மெட்டு வைக்கத் தெரிந்த எவரும் இதனைப் பொருட்படுத்தாது விடார்.

இனிப் பண்டிதரை நோக்குவோம். சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் முதலாக வடமொழி நூல்கள் வற்புறுத்தும் 22 சுருதி என்ற தொகையே அவருடைய தாக்குதலின் இலக்கு. தேவல் 1910ஆம் ஆண்டிலும் கிளெமென்ற்ஸ் 1913ஆம் ஆண்டிலும் 22 சுருதிகளுக்கு விகிதங்கள் வகுத்து நூல் வெளியிட்டிருந்தனர். அவ்விகிதங்களுக்கேற்பச் சுருதி ஆர்மோனியமும் செய்யப்பட்டிருந்தது. 1916ஆம் ஆண்டு பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய சங்கீத மகாநாட்டிலே பண்டிதர் இக்கொள்கையை எதிர்த்து நின்றார். 22 என்பதைச் சமபங்காகக் கொண்டால் இளி 709 சதத்தில் நிற்கும். செவி அதனை ஏற்காது. சமமின்றிக் கொண்டாலோ சுரத்துக்குச் சுரம் கிரகம் மாற்றும்போது முறை சிதையும். ஆகவே ஸ்தாயி 24 சம அலகுகளை உடையது என்பதும், ஆய்ச்சியர் குரவையிலே கூறப்படும் பன்னிரு இராசி வட்டம் பன்னிரு சமவீடுகளைக் குறிப்பது என்பதும் அவர் முடிபு. ஆயப்பாலை 12, வட்டப்பாலை 24, திரிகோணப்பாலை 48, சதுரப்பாலை 96 என அப்பகுப்பு நுணுகிச் செல்லும். பெருக்கல் விருத்தியில் தந்தி நீளங்களை அவர் வகுத்த பொறுமை வியத்தற்குரியது.

அடிகளார் வேறு வழியிற் சென்றார். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் கற்று இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரான அவருக்கு ஒலிநூலின் இயற்கை விகிதங்கள் நன்கு பழக்கமானவை. சிலப்பதிகாரப் பழைய உரைமரபு ஏழு நரம்புகளுக்கும் அலகு வகுக்கும்போது குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 எனக் கூறும். கூட்டினால் 22. நாலலகுக்கு 9/8, மூன்றலகுக்கு 10/9, இரண்டலகுக்கு 16/15 என விகிதம் கொள்ளின் ஸ்தாயி எச்சமின்றி நிறைவுறுகிறது. கைக்கிளை 5/4 என்றும் விளரி 5/3 என்றும் எளிய எண்களில் அமைகின்றன. கணக்கின் அழகே இங்கு ஒரு வாதமாகிவிடுகிறது. இருபத்திரண்டு என்ற தொகை வடமொழியாரிடம் கடன்பெற்றதன்று, தமிழ் மரபிலும் உள்ளதே என்பதையும் பண்டிதருக்கு இது நினைவூட்டுகிறது.

பண்டிதரும் அத்தொகையை அறியாதவரல்லர். உண்மையில் அலகு 24 என்றும், விளரியிலும் கைக்கிளையிலும் ஓரோர் அலகு குறைத்துப் பாடும்போதே 22 ஆகிறதென்றும் அவர் அமைதி கூறினார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது கொள்கையைக் காப்பாற்றுதற்குச் சொன்ன சமாதானமாகத் தோன்றும். அவ்வாறு ஒதுக்கியவர்கள் அவசரப்பட்டுவிட்டனர் என்றே கூறத் தோன்றுகிறது. ஏனெனில், ‘ஏன் விளரியும் கைக்கிளையும்?’ என்ற வினாவுக்குப் பழைய உரைமரபிலேயே விடை உண்டு.

நரம்புகளின் பிறப்பு முறையைக் கூறும் பழைய சூத்திரம் ஒன்று அவ்வுரைகளில் வழங்குகிறது. தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், துத்தத்திலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் பிறக்கும் என்பது அதன் கருத்து. ஒவ்வொன்றும் முன்னையதற்கு இளி. யாழின் நரம்புகளைச் செவியினாற் கூட்டுவோன் ஒருவனின் செய்முறையே இது. இச் சங்கிலியை அலகுக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். குரலிலிருந்து இளி வரை அலகு 13. தாரத்திலிருந்து உழை 13. உழையிலிருந்து குரல் 13. இளியிலிருந்து துத்தம் 13. விளரியிலிருந்து கைக்கிளையும் 13. ஆனால் துத்தத்திலிருந்து விளரி வரை எண்ணினால் கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, மொத்தம் 12. ஒன்று குறைகிறது.

விகிதத்தில் இதனைக் கூறின், 9/8இலிருந்து 5/3 வரையுள்ள தொலைவு 3/2 அன்று, 40/27. ஏறத்தாழ 680 சதம். இளி எனக் கேட்கவேண்டியது 22 சதம் தாழ்ந்து பிசகி ஒலிக்கும். சங்கிலியின் ஐந்தாம் கண்ணி அறுந்திருக்கிறது. அறுந்த கண்ணிக்கு அப்பால் உள்ளவை இரண்டே நரம்புகள்: விளரி, கைக்கிளை. பண்டிதர் ஓரோர் அலகு கூட்டியது இவ்விரண்டுக்குமே. கூட்டிய பின் ஒவ்வோர் இளியும் 14 அலகு பெறுகிறது. துத்தத்திலிருந்து விளரியும் 14. பிறப்பு முறையும் அலகு முறையும் இணங்குகின்றன. பண்டிதரின் செவியோ கணக்கோ உரிய இடத்தையே சுட்டியது என்பதை மறுக்கவியலாது.

இதனால் பண்டிதர் வென்றுவிட்டாரா என்றால், இல்லை. அவருடைய திருத்தம் வேண்டுவது இளிச் சங்கிலி முறியாதிருத்தல் ஒன்றையே. அலகுகள் யாவும் சமமாதல் அதற்கு வேண்டியதன்று. தூய 3/2 விகிதத்திலேயே ஆறு முறை கூட்டினால் ஏழு நரம்புகளும் கிடைத்துவிடும். அப்போது விளரி 27/16, கைக்கிளை 81/64. முழுத்தொலைவுகள் ஐந்தும் 9/8 ஆக, அரைத்தொலைவுகள் இரண்டும் 256/243 ஆக அமையும். முழுத்தொலைவுக்கு நாலு, அரைத்தொலைவுக்கு இரண்டு என எண்ணினும் 24 தானே வரும். பன்னிரண்டாம் இளி வட்டத்தை மூடவில்லை என்ற இடர்ப்பாடு, ஆறு இளிகளோடு நின்றுவிடும் ஏழு நரம்பு யாழுக்கு எழுவதேயில்லை. எழாத நோய்க்குப் பண்டிதர் மருந்து கொடுத்தார் எனலாம்; அவர் தொழிலால் மருத்துவர் என்பது வேறு.

மேலும் ஒரு குறிப்பு இங்கு நோக்கற்பாலது. நின்ற நரம்புக்கு மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழைய உரைகள் கூறும் இலக்கணம். குரலுக்கு மூன்றாவது கைக்கிளை, ஆறாவது விளரி. அடிகளார் கொண்ட 5/4, 5/3 ஆகிய விகிதங்களில் இவை குரலோடு இனிது பொருந்துவன. அவ்வாறு பொருந்துவனவற்றைப் பகை என்று பெயரிட்ட மரபு எத்தகைய செவியுடையது? 81/64, 27/16 ஆகிய விகிதங்களிலோ அவை உறுத்துவன. பகை என்ற பெயர் பொருளுடையதாகிறது. யாழ் நூலின் கணக்கு எத்துணை அழகியதாயினும், இவ்விடத்தில் அது பழந்தமிழர் செவியைவிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒலிநூலாரின் செவிக்கு நெருங்கியதாகத் தோன்றுகிறது. எல்மோல்ற்ஸ் 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய பெருநூல் இயற்கை விகிதங்களுக்கு விஞ்ஞானத்தின் முத்திரையை அளித்திருந்தது. தேவலும் கிளெமென்ற்சும் உலாவிய சூழலும் அதுவே. பண்டிதர் தம் காலத்து மேலைத்தேயப் பியானோவின் நியதியைச் சிலம்பிலே கண்டார். அடிகளார் தம் காலத்துப் பௌதிகத்தின் நியதியைச் சிலம்பிலே கண்டார். பழந்தமிழரை உயர்த்த விரும்பிய இருவரும் தத்தம் காலத்தில் உயர்ந்ததெனக் கருதப்பட்ட அளவுகோலை அவர் கையிற் கொடுத்துவிட்டனர். உரைகள் தருவது எண்ணிக்கையை மட்டுமே, விகிதத்தையன்று. நாலு என்பதும் மூன்று என்பதும் வேறு என அவை கூறுகின்றன. எவ்வளவு வேறு எனக் கூறவில்லை.

ஆனால் அடிகளாருக்குச் சார்பாக ஒன்று எஞ்சி நிற்கிறது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. தூய இளிச் சங்கிலியே பழைய முறையாயின் முழுத்தொலைவுகள் ஐந்தும் ஒன்றே. அங்ஙனமாயின் சிலவற்றுக்கு நாலும் சிலவற்றுக்கு மூன்றும் எனப் பிரித்து எண்ணவேண்டிய தேவை யாருக்கு எழுந்தது? எவரோ ஒருவர் செவியாற் கேட்டே அவ்வேறுபாட்டைக் குறித்திருத்தல் வேண்டும். இரு மரபுகள், இரு வேறு காலத்தன, ஓருரையில் வந்து கலந்தன என்று கொள்வதே பொருந்தும்.

இவ்வேறுபாட்டின் வேரைக் கருவியிலே தேடுதல் தகும். யாழ் ஒரு நரம்புக்கு ஓரொலி தரும் கருவி. மெட்டு இல்லை. பாலை திரிந்து துத்தம் குரலாகிப் படுமலைப்பாலை பிறக்கும்போது, அதற்கு இளியாக வேண்டிய விளரி தாழ்ந்திருப்பின், அந்த ஒரு நரம்பை ஓர் அலகு ஏற்றினாற் போதும். ஏற்றிய அக்கணமே விளரிக்கும் கைக்கிளைக்கும் இடையில் ஓர் அலகு குறைந்துவிடும் என்பது உண்மை. குறை அழிவதில்லை, இடம் பெயர்கிறது. ஆயினும் யாழோன் அதனை வேண்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டு வாசிக்க வல்லவன். அவனுக்குச் சமபாகம் தேவையில்லை.

வீணையின் நிலைமை வேறு. அதன் 24 மெட்டுகளும் மெழுகிற் பதிந்து நிற்பன. ஒரே மெட்டு நான்கு வாசிப்புத் தந்திகளையும் குறுக்கே தாங்குகிறது. சட்சத் தந்தியில் இரண்டாம் மெட்டு 9/8இல் துத்தத்தைத் தருமாயின், அதே மெட்டு பஞ்சமத் தந்தியில் 27/16இல் விளரியைத் தரும். 5/3 அங்கே எழாது. 90 சென்ரிமீற்றர் தந்தியிற் கணக்கிட்டால் இவ்விரு விளரிகளுக்கும் இடையே 6.7 மில்லிமீற்றர் தொலைவு உண்டு. துத்தத்துக்கும் விளரிக்கும் இடையே நாம் கண்ட அதே ஓரலகுதான் இங்கும் தலைகாட்டுகிறது. மெட்டுடைய கருவி எதுவும் இந்நெருக்கடியிலிருந்து சமபாகத்தை நோக்கியே சாயும். இத்தாலியிலே வின்சென்சோ கலிலேயி 1581ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மெட்டுடைய நரம்புக் கருவிக்கு ஒவ்வொரு மெட்டையும் 18/17 என்ற விகிதத்தில் வைக்க விதித்ததும் இதே காரணத்தாலேயே. அவ்விகிதம் ஏறத்தாழ 99 சதம். பரோடாவில் பண்டிதரின் கொள்கையை அவர் புதல்வியர் வீணையிலேயே இசைத்துக் காட்டினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் கையிலிருந்த சான்றுக்கருவி அவர் கொள்கைக்கு ஏற்கெனவே உடன்பட்டிருந்தது.

மூன்றாவது கருவி தம்புரா. அதன் நீண்ட தந்தியின் ஐந்தாம் இசைவொலி 5/4 என்ற காந்தாரமாக, எவரும் பாடாமலே, அறை முழுதும் ஒலிக்கும். அதன் அருகிலிருந்து பாடுவோன் தன் அந்தர காந்தாரத்தை அதனோடு ஒன்றவைக்க விழைதல் இயல்பு. அடிகளாரின் கைக்கிளை இங்குத் தன் இருப்பிடத்தைப் பெறுகிறது. ஆனால் தம்புரா சிலப்பதிகார காலத்துக்குரியதன்று, மிகப் பிற்காலத்தது. தம்புராவின் காந்தாரத்தை யாழுக்குக் கொடுத்தமையே யாழ் நூலின் மேல் வைக்கக்கூடிய பெரிய தடை.

இவ்விவாதம் பழங்கதை எனக் கருதுவோர் இன்று பண்ணிசை பயிலும் இடங்களைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தபோது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று, அதன் சமபாகச் சுருதி இந்திய இசைக்குப் பொருந்தாது என்பது. தடை 1970களின் தொடக்கத்திலே தளர்ந்தது. அதன்பின் வந்த இலத்திரனியல் விசைப்பலகையை எவரும் தடைசெய்யவில்லை. தேவாரப் பண்ணைப் பிள்ளைகள் அதன் துணையோடு கற்கும்போது, 400 சதத்தில் நிற்கும் காந்தாரம் அவர் செவியில் முதற்காந்தாரமாகப் பதிகிறது. பண்டிதரின் கொள்கை வாதத்தால் வெல்லாத இடத்தை விலை மலிந்த பெட்டி ஒன்று வென்றுவிட்டது.

அளவைக் கருவிகளின் துணையால் இவ்வினாவைத் தீர்க்க முயன்றவர்களும் உளர். ஜயராஸ்போயும் ஸ்ரோனும் 1963ஆம் ஆண்டில் வட இந்திய இசைவாணரின் சுரங்களை அளந்து, அவை நிலையான 22 இடங்களுக்குக் கட்டுப்படவில்லை எனக் கண்டனர். அரவிந்த் கிருஷ்ணசுவாமி 2003ஆம் ஆண்டில் கர்நாடக இசையை ஆராய்ந்து, தெளிவாக வேறுபடுவன பன்னிரண்டு இடைவெளிகளே என்றும் அவற்றின் எல்லைகள் நெகிழ்ச்சியுடையன என்றும் கூறினார். தோடியின் காந்தாரம் கமகத்தில் அசைந்தே வாழ்வது. அதற்கு ஒரு நிலையான எண் தேடுவது வீண் வேலை. இவ்வளவைகள் அடிகளாருக்கும் பண்டிதருக்கும் ஒருசேரப் பாதகமானவை போலத் தோன்றினும், அவை இன்றைய மிடற்றையும் இன்றைய கருவியையும் பற்றியன. அசையாத திறந்த நரம்பைக் கொண்ட யாழைப் பற்றி அவை எதுவும் கூறா.

யாழைப் பற்றிக் கூறக்கூடியது ஒரு சோதனையே. ஏழு நரம்புகளை எடுத்துப் பிறப்பு முறைப்படி தாரத்தில் தொடங்கிச் செவியால் மட்டும் இளி கூட்டிச் சென்று, ஈற்றில் நிற்கும் கைக்கிளையைக் குரலோடு சேர்த்து மீட்டிக் கேட்டல் வேண்டும். கேட்போர் அதனைப் பகை என்பாராயின் பிறப்புச் சூத்திரம் முற்பட்டது; இனிது என்று சொல்லும்வரை அந்நரம்பைத் தளர்த்துவாராயின், அவர் தளர்த்தும் அளவே மூன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட அந்த அலகு. அடியார்க்குநல்லாரின் உரையைப் பதிப்பிப்போரும் இசை பயில்வோரும் ஓரறையில் அமர்ந்து செய்யவேண்டிய வேலை இது. இதற்கு ஒரு பிற்பகற்பொழுதே போதும்.